திண்டிவனத்தில் தூறல், மேற்கே வெயில்

வண்டி முழுசாக நிற்பதற்குள் துரைக்கண்ணு அதன் பின்பக்கம் போய்விடுவார். இறங்குகிறவர்கள் கூடையும் மூட்டையுமாக வாசலில் முட்டிக்கொண்டிருக்க, அவர் பின்னேணியில் மூன்று படி ஏறி, கூரைமேல் சாமான்களை மூடியிருக்கும் படுதாவை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். பிறகு அதே கையை மூக்கருகே கொண்டுபோவார். இறங்கி வந்து, சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டில் ஒரு விரலை இழுப்பார். புழுதியா சேறா, சேறென்றால் காய்ந்ததா காயாததா என்று விரல் நுனியைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

"மழ எங்க புடிச்சுது?" என்பது கண்டக்டரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி. வண்டி ஏன் ஏழு நிமிஷம் தாமதம் என்பது இரண்டாவது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டின் டைம்கீப்பர் அவர். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு முக்காலி, ஆணியில் தொங்கும் கடிகாரம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். வயது ஐம்பத்திரண்டு. காக்கிச் சட்டையும் கணுக்காலுக்கு மேலே நிற்கும் வேட்டியும். சட்டைப் பையில் சாக்பீஸ் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அது நமத்துப்போகாமல் இருக்க வாழைச்சருகில் சுற்றி வைத்துக்கொள்வார். கிழக்கே திண்டிவனம், பாண்டிச்சேரி, தெற்கே விழுப்புரம், மேற்கே திருவண்ணாமலை, அந்தப்புறம் அவலூர்பேட்டை என்று நாளைக்கு நாற்பத்திரண்டு வண்டிகளை விசிலடித்து அனுப்புகிறவர், தாம் ஒரு வண்டியில் ஏறி உட்காருவது அபூர்வம். வீடு சிறுகடம்பூரில், நடக்கிற தூரம். மனைவி ஆண்டாளின் தாய்வீடும் அதே தெரு. "நான் எங்க போவணும்? எல்லா ஊரும்தான் இங்க வந்துட்டுப் போவுதே" என்பார்.

கொட்டகைத் தூணில் ஒரு கரும்பலகை சாத்தியிருக்கிறது. வண்டி நேரங்கள் எழுதுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அதில் பாதியைத்தான் நேரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீதிப் பாதியில் வானிலை. 'திண்டிவனம் தூறல். விழுப்புரம் மேகம். திருவண்ணாமலை நல்ல வெயில்.' யாரும் எழுதச் சொன்னதில்லை. ஒரு மழைக்காலத்தில் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று, பட்டுப்புடவை நனைந்துவிடுமே என்ற கவலையில், "திண்டிவனத்துல மழையா?" என்று ஒருவர் பின் ஒருவராகப் பதினான்கு பேர் கேட்டார்கள். பதினைந்தாவது ஆளுக்கு வாய் ஓய்ந்துபோய்ப் பலகையில் எழுதிப்போட்டார். மறுநாள் காலை, எந்த ஊருக்கும் போகாத குடியானவர்கள் நாலு பேர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

எதிர் டீக்கடை ரேடியோவும் வானிலை சொல்லத்தான் செய்கிறது. கடலோர மாவட்டங்களில் பரவலாகவும் உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களிலும் மழை பெய்யக்கூடும் என்று அது வாசித்து முடித்ததும் கடையில் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். செஞ்சி கடலோரமா, உள்ளா? ஜில்லாவுக்குக் கடல் இருக்கிறது, ஊருக்கு இல்லை. "கடலூர்ல வலை போடறவனுக்கும் இங்க மல்லாட்ட போட்டவனுக்கும் ஒரே சேதி வாசிச்சா இன்னாய்யா பண்றது?" என்பார் துரைக்கண்ணு. "அந்த ஓரிரு இடம் எந்த இடம்னு பஸ்ஸைத்தான் கேக்கணும்."

மல்லாட்டை என்று இந்தப் பக்கத்தார் சொல்வது நிலக்கடலையை. ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலையை ஐப்பசியில் பிடுங்கவேண்டும். பூமியில் ஈரம் இருந்தால்தான் செடி காயோடு வரும். பிடுங்கிப் போட்ட பிறகு மழை வந்தாலோ காய் கறுத்துப்போகும், முளைவிட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்று நாள், நாலு நாள் வெயிலைத்தான் ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருவது. ஆகவே கிழக்கிலிருந்து வரும் வண்டியின் கூரை நனைந்திருந்தால், மழையும் அதே சாலையில் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். துரைக்கண்ணுவின் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஆனால் ஆளுக்கு ஆள் கணக்கை மாற்றிக்கொள்வார். விழுப்புரம் வண்டிக் கண்டக்டர் ஜெயராமன் நாலு தூறல் விழுந்தாலே, "ஊத்து ஊத்துன்னு ஊத்துது நைனா, ரோடே தெரியல" என்பான். அதே வண்டியை ஓட்டுகிற பொன்னுசாமி, முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றிவிட்டு வந்தாலும், "லேசாத்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். "ஜெயராமன் மழையில முக்காவாசியைத் தள்ளு. பொன்னுசாமி மழையோட ரெண்டு மடங்கு சேத்துக்கோ. ரெண்டும் எங்க சந்திக்குதோ அங்கதான் மழை" என்று துரைக்கண்ணு விளக்குவார். சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு ஏணியிலும் ஏறிப் பார்த்துவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். நாளைக்கு எப்படி என்று யார் கேட்டாலும், "அது பஸ்ஸுக்குத் தெரியாது" என்று கையை விரித்துவிடுவார். இந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே ஒரு தடவை மீறினார்.

அறுபத்து நாலாம் வருஷம், ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை. மண்டகப்பட்டிலிருந்து வள்ளியம்மை என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விழுப்புரம் சாலையை ஒட்டி ஒரு காணிப் புன்செய்க் கொல்லை, அதில் மல்லாட்டை. புருஷன் கோலார் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். விதைத்தது, களையெடுத்தது, பன்றிக்குக் காவலிருந்தது எல்லாம் அவள் ஒருத்திதான். அவள் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேசைக்கு வந்தாள்.

"ண்ணா, நாளைக்கி எட்டு ஆளு வரேன்னு சொல்லியிருக்குதுங்க. வுட்டா இன்னும் பத்து நாளைக்கி ஆள் கெடையாது. புடுங்கலாமா, வேணாமா?"

"பலகையில எழுதியிருக்குது பாரும்மா."

"எனக்கு எழுத்து தெரியாது. உங்க வாயால சொல்லுங்க."

அவர் படித்துக் காட்டினார். எல்லாத் திசையும் வெயில். அவள் தலையை ஆட்டினாள். "அது இன்னிக்கி. நான் கேக்கறது நாளைக்கும், நாளன்னைக்கும்."

நாலு நாளாக ஒரு படுதாவும் நனையவில்லை. ரேடியோவும் உள்மாவட்டங்களில் வறண்ட வானிலை என்றுதான் காலையில் வாசித்திருந்தது. அதோடு, இத்தனை வருஷத்தில் எல்லாரும் பலகையைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இமைக்காமல் நின்றாள்.

"புடுங்கிடு தங்கச்சி. மூணு நாளைக்கி ஒரு சொட்டு வுழாது. நான் சொல்றேன்."

அவள் முகம் தெளிந்து போனதைப் பார்க்க அவருக்கு மிகவும் நன்றாக இருந்தது. அன்று முழுக்க அவர் விசில் கொஞ்சம் நீளமாகவே ஒலித்தது என்று ஜெயராமன் இன்றைக்கும் சொல்கிறான்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குத் திண்டிவனம் வண்டி வந்தது. அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. படுதாவிலிருந்து ஏணி வழியே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ராஜகிரிக் கோட்டைமலை கண்ணுக்கு மறைந்தது. பிறகு ராணிக்கோட்டையும் மறைந்தது. தகரக் கொட்டகைமேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒதுங்கி நின்றவர்கள், நல்ல மழை, ஏரிக்கு ஆயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள். துரைக்கண்ணு மட்டும் தெற்கே பார்த்துக்கொண்டு, "காய் வெளியில கெடக்குது, காய் வெளியில கெடக்குது" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவலூர்பேட்டை வண்டிக்கு விசில் கொடுக்க மறந்துபோனார். அது நாலு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது. அந்த நாலு நிமிஷத்தையும் தம் தவறு என்றே ரெஜிஸ்டரில் எழுதிவைத்தார்.

ஞாயிறு காலை வந்ததும் பலகையின் வானிலைப் பாதியை ஈரத்துணியால் துடைத்தார். ஒரு எழுத்தின் நிழல்கூட இல்லாமல் துடைத்தார். கேட்டவர்களிடம், "இனிமே வண்டி நேரம் மட்டும்தான்" என்றார். அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. திங்கட்கிழமையும் அடித்தது. படுதாக்கள் காய்ந்து வந்தன. அவர் ஏணிப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரை ஆண்டாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். அதிகம் பேசுகிறவள் இல்லை.

"போய்ப் பாத்துட்டு வாயேன். இங்க குந்திகினு பலகையைத் தொடச்சா, அங்க மல்லாட்ட காஞ்சிடுமா?"

"போயி இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. அவ சொல்றதைக் கேட்டுகினு வா."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். பதினோரு வருஷத்தில் முதல் லீவு. காலை வண்டியில் ஏறியவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கிழவி இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மண்டகப்பட்டு என்பது அவருக்கு ரெஜிஸ்டரில் ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு நேரம். இப்போதுதான் அந்த நேரத்துக்கு நடுவில் புளியமரங்களும், தண்ணீர் நிற்கிற பள்ளங்களும், சாலையோரம் நெடுக மூடிப்போட்ட மல்லாட்டைப் போர்களும் இருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு போரையும் கண்ணுக்கு மறையும் வரை தலையைத் திருப்பிப் பார்த்தார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

வள்ளியம்மை கொல்லையில் இருந்தாள். செடிகளை நாலு போராகக் குவித்து, ஓலைப்பாயும் வைக்கோலும் பழம்புடவையும் போட்டு மூடியிருந்தாள். கிட்டே போகும்போதே ஒரு புழுங்கல் வாடை வந்தது. அவர் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தார். "தங்கச்சி, நான் சொல்லித்தான் நீ..."

"ஏன் ண்ணா பலகையில ஒண்ணுமே எழுதல? ஒடம்பு சரியில்லியா?"

அவருக்கு வாக்கியம் அறுந்துபோயிற்று.

"பக்கத்து வூட்டு ராஜகோபாலு தெனம் செஞ்சிக்குத்தான் வேலைக்குப் போறாரு. ஞாயித்துக்கெழம பாத்துட்டு வரச் சொன்னேன். வெறும் பலகைன்னாரு. நேத்தும் வெறும் பலகை. எழுதறதுக்கே அண்ணன் பயப்படறாருன்னா பெருமழைதான் வருது போலன்னு நெனச்சிட்டேன். வெயிலு அடிக்க அடிக்க மூடியே வச்சிட்டேன். இப்ப உள்ள வேவுது."

துரைக்கண்ணு குனிந்து போருக்குள் கையை விட்டார். அடுப்பங்கரைச் சாம்பல் மாதிரி கதகதவென்று இருந்தது. ஒரு செடியை உருவினார். காய்களில் இரண்டு மூன்று, வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தன. மழை நனைத்தது ஒரு சாயங்காலம். வெயிலை விட்டது இரண்டு முழு நாள். சனிக்கிழமை மழையை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. ஞாயிறும் திங்களும் பலகையில் 'வெயில்' என்று மூன்றெழுத்து எழுதியிருக்க முடியும். அந்தச் செடியில் முளைவிட்டிருந்த காய்களை அவர் குனிந்தபடியே ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார்.

"நீங்களா ண்ணா மழையை அனுப்புனீங்க?" என்றாள் வள்ளியம்மை, அவர் முதுகைப் பார்த்து. குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "அது கெடக்கட்டும். இப்ப சொல்லுங்க. தொறக்கவா, மூடியே வைக்கவா? தொறந்து நனைஞ்சா எல்லாம் போச்சு. மூடியே வச்சாலும் பூசணம் புடிச்சிடும்."

வானம் பாதி வெளுப்பாகவும் பாதி கருப்பாகவும் இருந்தது. அவரிடம் பலகையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சட்டென்று ஞாபகம் வந்தவராக, "மணி பத்தேமுக்கா இருக்குமா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "இரு, வரேன்" என்று வரப்பில் ஓடினார். ஐம்பதை நெருங்கும் வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

விழுப்புரத்திலிருந்து வரும் வண்டி தூரத்தில் தெரிந்தது. கையை ஆட்டினால் நிற்பார்களா என்ற யோசனையெல்லாம் அவருக்கு வரவில்லை. நடுச்சாலையில் நின்று, லீவு நாளிலும் கழுத்தில் கிடந்த விசிலை ஊதினார். அந்த விசில் சத்தத்துக்குப் பொன்னுசாமியின் கால் தானாகவே பிரேக்கில் போய்விட்டது.

"நைனா, இங்க இன்னா பண்ற?" என்று ஜெயராமன் கத்தினான்.

அவர் ஏற்கெனவே ஏணியில் இருந்தார். படுதா உலர்ந்திருந்தது. "விழுப்புரத்துல எப்படி?"

"காலையில ஊத்தித் தள்ளிடுச்சு!"

"தூத்தல்கூட இல்ல" என்றார் பொன்னுசாமி முன்னாலிருந்து.

மட்கார்டில் புழுதி, புழுதியில் ஏழெட்டுச் சொட்டுத் தடம். துரைக்கண்ணு இறங்கி வந்து ஜெயராமனின் தோளைப் பிடித்தார். "டேய், வெளையாட்டு வேணாம். ஒரு பொம்பள கொல்லையில நிக்குறா. விழுப்புரம் ஸ்டாண்டுக்குப் பாண்டி வண்டி நனைஞ்சி வந்துச்சா, இல்லியா?"

ஜெயராமன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "நனையல நைனா. ஆனா கடல் பக்கம் கருகருன்னு இருக்குதுன்னு அந்த டிரைவர் சொன்னாரு. அவ்ளோதான் தெரியும்."

அவர் வரப்பில் திரும்பி வந்து, மூச்சு வாங்க, கேட்டதை அப்படியே சொன்னார். "விழுப்புரம் வண்டி காஞ்சிதான் வந்துது. பாண்டியில மழை இல்ல, மேகம் இருக்குது. ரெண்டு, ரெண்டரை வரைக்கும் தாங்கும்னு தோணுது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தெரியாது என்றதும் அவள் முகம் விழுந்துவிடும் என்று எதிர்பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டரை வரைக்கும் போதும். அந்தப் பாயைப் புடிங்க."

நாலு போரையும் பிரித்துச் செடிகளை வேர் மேலே பார்க்கப் பரப்பினார்கள். ஆவி பறந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு வண்டி, ஒன்றேகாலுக்கு ஒரு வண்டி. சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் சாலைக்கு ஓடினார். ஒன்று நிற்கவில்லை. நின்றது காய்ந்திருந்தது. இரண்டு மணி வண்டி படுதாவெல்லாம் பளபளவென்று வந்தது. "மூடு!" என்று அவர் சாலையிலிருந்தே கத்தினார். கடைசிப் பாயை இழுத்துக் கல் வைக்கவும் முதல் சொட்டு விழவும் சரியாக இருந்தது. இருவரும் பனைமரத்தடியில் நனைந்துகொண்டே நின்றார்கள். வள்ளியம்மை சிரித்தாள். அவர் அப்போது சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஆண்டாளிடம் சொல்லும்போதுதான் சிரித்தார்.

புதன்கிழமை விடிந்ததும் பலகை நிரம்பியிருந்தது. அந்த வாரம் முழுக்க ராஜகோபால் காலையில் ஒரு தடவை, வேலை விட்டுப் போகும்போது ஒரு தடவை பார்த்துக்கொண்டு போனார். வள்ளியம்மை திறந்தாள், மூடினாள், திறந்தாள். முளைத்தது மாட்டுக்குப் போயிற்று. கறுத்தது செக்குக்குப் போயிற்று. பாதிக்கு மேலே நல்ல காயாகவே தேறியது, அடுத்த ஆடிக்கு விதையும் அதிலேயே எடுத்துவைத்துக்கொண்டாள். முழுசும் தேறியிருக்கவேண்டியது என்று துரைக்கண்ணு இன்றும் சொல்லிக்கொள்கிறார். அதைச் சொல்லும்போது அவர் கண் கடிகாரத்தின் பக்கம் போய்விடுகிறது.

இப்போது பலகையில் ஒரு வரி கூடியிருக்கிறது. ஊர்ப் பெயர்களுக்குக் கீழே 'நாளை' என்று எழுதி, அதற்கு எதிரே பெரும்பாலும் 'தெரியாது' என்று போட்டிருப்பார். தினமும் அதை அழித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதுகிறார். டீக்கடையில் இதற்கு ஏக கேலி. தெரியாது என்று எழுதுவதற்கு ஒரு சாக்பீஸ் செலவா என்று கேட்கிறார்கள். "வெறுமனே வுட்டா ஜனங்க அதுல எதையாவது படிச்சிக்குதுங்க" என்று மட்டும் சொல்வார். அவர்களுக்கு அது புரிவதில்லை. அவரும் விளக்குவதில்லை.

சென்ற வாரம் ஒரு காலை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவலூர்பேட்டைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், கோணியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பலகையை இரண்டு தடவை படித்தார். பிறகு மேசையருகே வந்தார்.

"பலகையைப் படிச்சிட்டேன். நீ இன்னா நெனைக்கிற? ஆளுங்களை வரச் சொல்லட்டுமா?"

துரைக்கண்ணு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலய்யா. பாண்டி வண்டி ஒம்போது பத்துக்கு வருது."

குடியானவர் நகராமல் நின்றார். துரைக்கண்ணு எழுந்துபோய், கொட்டகையோரப் பெஞ்சில் விரித்துவைத்திருந்த தம் குடையை எடுத்து மடக்கிக் கீழே வைத்தார். பெஞ்சில் தேங்கியிருந்த சாரலைத் தோள் துண்டால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடைத்தார். பிறகு அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.